தோசைக்கு முன்னால் டோக்கன்

பொத்தேரியில் காலேஜ் விட்டதும் நிரம்பி வழியும் டிபன் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் பார்சலைக் கட்டி கவுண்டரில் வைக்கிறார். பிறகு டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறார். கடையில் ஆளே இல்லையென்றால் எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான். எதிரே ஒருவர் பசியோடு நிற்கும்போது நம்பரை முதலில் கூப்பிட்டால்? அங்கே ஏற்கெனவே கிடக்கும் அடுத்தவர் பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் சண்டைதான்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கூத்து நடக்கிறது. சி மொழியில் 'டேட்டா = 42; ரெடி = 1;' என்று எழுதினால் அதே வரிசையில் நடக்கும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். கம்பைலர் அப்படி எந்த சத்தியமும் செய்து தரவில்லை. தனியாக ஓடும் புரோகிராமுக்கு விடை மாறாது என்று தெரிந்தால், வேகத்துக்காக வரிசையை மாற்றிவிடும். சாதாரண புரோகிராமுக்கு இது லாபம்தான்.

கெர்னல் கதை வேறு. அங்கே கம்பைலருக்குத் தெரியாத ஆட்கள் பலர்: இன்னொரு சிபியு, திடீரென்று வரும் இன்டரப்ட், மெமரியில் தானே எழுதும் நெட்வொர்க் கார்டு. பாக்கெட்டை எங்கே போடவேண்டும் என்ற முகவரியை எழுதும் முன்பே "உன் முறை" என்ற பிட் போய்விட்டால், கார்டு பழைய முகவரியில் போய் யாருடைய மெமரியையோ மிதித்துவிடும். ஃபைல் கெடலாம், மெஷின் ஹேங் ஆகலாம்.

லினக்ஸில் இதற்கு பேரியர்() என்று ஒரு மேக்ரோ உண்டு. பிரித்துப் பார்த்தால் உள்ளே காலியான ஓர் அசெம்பிளி வரி, கூடவே 'மெமரி' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்! சிபியுவுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூடப் போகாது. தகவல் கம்பைலருக்கு மட்டும்: மேலே உள்ளதைக் கீழே தள்ளாதே, கீழே உள்ளதை மேலே இழுக்காதே, ரெஜிஸ்டரில் வைத்திருக்கும் பழைய மதிப்பை நம்பாதே. 'ரெடி ஆகும்வரை காத்திரு' என்ற லூப் பிழைப்பதும் இதனால்தான். இல்லாவிட்டால் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்றலாம்.

அதோடு முடிந்ததா? இல்லை. கம்பைலர் அடங்கினாலும் சிபியு அடங்காது. எக்ஸ்86 சிப்புகளில் சாதாரணமாக ஒரு ரைட் இன்னொரு ரைட்டைத் தாண்டாது. அதனால் அங்கே எஸ்எம்பி_டபிள்யூஎம்பி() என்பதே வெறும் பேரியர்()தான். ஏஆர்எம், ரிஸ்க்-வி இரண்டிலும் தாண்டலாம். ரிஸ்க்-வியில் அதே மேக்ரோ 'ஃபென்ஸ்' என்ற நிஜ இன்ஸ்ட்ரக்ஷனாக மாறுகிறது. படிக்கிற பக்கமும் இதற்கு ஜோடியாக எஸ்எம்பி_ஆர்எம்பி() போடவேண்டும். ஒரு கை மட்டும் தட்டினால் ஓசை வராது.

இதெல்லாம் எங்கோ அமெரிக்கா சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கினால் சென்னை ஐஐடி பக்கம்தான். அங்கே பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய 'சக்தி' ப்ராசசர் ரிஸ்க்-வி வகை. 2018-ல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாரான சக்தி சிப்பில் லினக்ஸ் பூட் ஆனது. அதே வருடம் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொன்று வந்தது. இஸ்ரோவோடு சேர்ந்து செய்த 'ஐரிஸ்' சிப் வெற்றிகரமாக பூட் ஆனதாக 2025-ல் அறிவித்தார்கள்.

இனி இப்படிப்பட்ட சிப்புகளுக்கு டிரைவர் எழுதப்போவது நம் ஊர்ப் பசங்கள்தான். எக்ஸ்86 லேப்டாப்பில் பேரியர்() மட்டும் போட்டு வருடக்கணக்கில் ஓடிய கோட், பல கோர் உள்ள ரிஸ்க்-வியில் ஒருநாள் கவிழலாம். கண்டுபிடிக்க ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் நேரம் மாறி பிழை ஒளிந்துகொள்ளும். பயந்துபோய் எல்லா இடத்திலும் ஃபென்ஸ் தூவினாலோ வேகம் போய்விடும். "இந்த மெமரியை என்னைத் தவிர வேறு யார் பார்க்கிறார்கள்?" என்று கெர்னல் எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டால் போதும், பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.