பெண்ணையாற்றுக்குப் போன நம் வீட்டு நீர்

பெங்களூரில் குடியேறியுள்ள நம்மவர்களைக் கேட்டால், குழாயில் வருவது காவிரி நீர் என்று பெருமையோடு சொல்வார்கள். வந்த காவிரி வீட்டைவிட்டு எங்கே போகிறாள் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். சென்ற மழைக்காலம் வரையில் நானும் அப்படி விழிப்பவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

காவிரித் திட்டத்தின் முதற்கட்டம் 1974-ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் தொரெகாடனஹள்ளியிலிருந்து, கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊருக்கு, யந்திரங்களின் பலத்தால் நீரை மேலேற்றிக் கொண்டு வருகிறார்கள். ஊரோ ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. மேற்குச் சரிவில் விழுந்த நீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து, மறுபடியும் காவிரியோடு சேர்ந்துவிடும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் விழுந்த நீர் அவ்வாறன்று. அது கோரமங்களா, சல்லகட்டாப் பள்ளங்கள் வழியே பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி ஆகியவற்றில் இறங்கித் தட்சிணப் பினாகினியில் கலக்கிறது. நந்திமலைப் பக்கத்தில் பிறக்கும் தட்சிணப் பினாகினி வேறு யாருமல்ல, நம் தென்பெண்ணையேதான். கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்லப்படும் பாறையைத் திருக்கோவலூரில் தழுவிச் செல்கிறதே, அதே ஆறு. காவிரியாக நம் வீட்டுக்குள் வந்த நீர், சமையலறையையும் குளியலறையையும் கடந்தவுடன் பெண்ணையாக மாறிவிடுகிறது!

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்த காரணத்தைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்லவேண்டும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 120 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகிறது என்னும் பொதுக் கணக்கின்படி பார்த்தால், தினமும் சுமார் 52,000 லிட்டர் கழிவுநீர். இதைச் சுத்தம் செய்ய நிலவறையில் ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையம் உண்டு. முதலில் ஒரு கம்பி வலை குப்பையைத் தடுக்கும். பிறகு பெரிய தொட்டி ஒன்றில் புளோயர் என்னும் காற்றூது யந்திரம் இடைவிடாமல் காற்றைச் செலுத்தும். அந்தக் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு கோடானுகோடி நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். பின்னர் வண்டல் படிந்து, தெளிந்த நீர் மணலையும் கரியையும் கடந்து வெளிவரும். அந்த நிலையத்தில் உண்மையான வேலைக்காரர்கள் அந்த நுண்ணுயிர்கள்தாம். அவற்றுக்குச் சம்பளம் காற்று ஒன்றே.

மின்சாரக் கட்டணம் ஏறியபோது, இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரையில் புளோயரை நிறுத்தி வைக்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். தொட்டி நிரம்பினால், ஓரத்தில் உள்ள பைபாஸ் குழாய் வழியே கழிவு நேராக ராஜகாலுவேயில் இறங்கிவிடும். ஏற்கனவே ஊர் முழுவதும் அப்படித்தானே நடக்கிறது என்றார்கள். தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின், ஓசூரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவன் என் தங்கை மகன். கட்டட வேலைகளில் பழகியவன். "மாமா, நேர்ச் சாலையில் போனால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம். நேரம்தான் இருக்கிறதே! நம் வீட்டுச் சாக்கடை போகும் வழியாகவே போய்ப் பார்ப்போமா?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் வேடிக்கையாகவே சரி என்றேன்.

முதலில் கண்டது எங்கள் தெருக்கோடியில் உள்ள ராஜகாலுவே. முன்னாளில் ஓர் ஏரி நிரம்பி மறு ஏரிக்கு நீர் செல்வதற்காக அமைந்த கால்வாய்களுக்கு இவ்வூரில் அந்த ராஜரீகமான பெயர். இன்று அதன் இரு கரைச் சுவர்களிலிருந்தும் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று உணவு விடுதியினுடையது. ஒன்று கார் கழுவும் கொட்டகையினுடையது. ஒன்று சலவைக் கடையினுடையது. மற்றவை எங்களைப்போன்ற குடியிருப்புகளுடையவை. ஒவ்வொன்றிலும் கையளவு நீர்தான். எந்த ஒரு குழாயையும் பார்த்து, "நதியைக் கெடுத்தவன் நீதான்" என்று குற்றம் சாட்ட யாருக்கும் மனம் வராது.

ஆனால் பெள்ளந்தூரில் அந்தக் கையளவுகள் எல்லாம் கூடிக் கடலாகியிருந்தன. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள ஏரி அது. 2015-இல் அதன் நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும், 2018 ஜனவரியிலும் மறுபடியும் நெருப்பு எழுந்து, கடைசித் தடவை இராணுவ வீரர்கள் வந்து அணைக்கவேண்டியதாயிற்று. நீரை ஊற்றி நெருப்பை அணைப்பது உலக வழக்கம். நீரே எரிந்தால் எதை ஊற்றுவது? 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும் மாநகராட்சி 25 கோடி ரூபாயும் இழப்பீடாகக் கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னர் ஏரியைத் தூர் வாரும் வேலையும் தொடங்கியது.

வர்த்தூரைக் கடந்து முகளூர்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே ஓடியது தட்சிணப் பினாகினி. கரையில் தென்னை, வயல், கோயில் எல்லாம் இருந்தன. ஆறும் இருந்தது. நீர்தான் கறுத்திருந்தது.

"கோடைக்காலத்தில் இந்த ஆற்றுக்கு மலையிலிருந்து நீர் வராது, மாமா. அப்போது இதில் ஓடுவது முழுவதும் ஊர்க் கழிவுதான். பெரிய நதியில் ஒரு குடம் அழுக்கு விழுந்தால் கரைந்து போகும். இங்கே கரைவதற்கு வேறு நீர் எங்கே?" என்றான் மருமகன்.

அவன் சொன்னது சிந்தனைக்கு உரியது. சிற்றோடைகளின் விதி இதுதான். மலையளவு கழிவை மகாநதி தாங்கும். கையளவு கழிவையும் சிற்றோடை தாங்காது. இந்த உண்மையை நம் நாட்டுச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள். காவிரி நீர் பெங்களூருக்கு வந்த அதே 1974-ஆம் ஆண்டில், நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் 'ஓடை' என்னும் சொல்லுக்குக் கூறப்பட்டுள்ள விளக்கம் அருமையானது: ஆறு மட்டுமன்று, ஓடிக்கொண்டிருந்தாலும் அந்நேரம் வறண்டு கிடந்தாலும் நீர்செல்லும் வழி எதுவும் ஓடையே. நிலத்தடி நீரும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தின்படி, கழிவை வெளியேற்றும் வாயில் அமைப்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். தெரிந்தே நச்சையோ அழுக்கையோ நீரில் விடக்கூடாது என்பது 24-ஆம் பிரிவு. 'தெரிந்தே' என்னும் அந்த ஒரு சொல் என்னை வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.

கெலவரப்பள்ளி அணையை நாங்கள் அடைந்தபோது மழை விட்டிருந்தது. மதகின் கீழே வெண்ணிற மலை ஒன்று எழுந்து நின்றது. தூரத்தில் பார்த்தபோது பனி என்றே எண்ணினேன். காற்று வீசியதும் அதிலிருந்து திட்டுத் திட்டாகப் பிரிந்து வயல்களின்மேல் பறந்தது. சலவைத் தூளிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் உள்ள நுரைப்பொருள் முற்றும் சிதையாமல் அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது. மழை வெள்ளம் அதைக் கலக்கி, மதகில் விழுந்து மோதும்போது இவ்வாறு நுரை பொங்குகிறது.

கரையில் கொத்தமல்லிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "எந்த ஊர், சாமி?" என்று கேட்டார்.

"பெங்களூர்" என்றேன்.

"அப்படியானால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சோப்புதான்" என்றார். சிறிதும் கோபமில்லாமல், சொந்தக்காரனுக்கு விருந்து காட்டுவதைப்போல் சொன்னார். பிறகு கட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் இன்று இரவு உங்கள் ஊர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறது. நீங்கள் அனுப்பியதை நாங்கள் கீரையாக்கித் திருப்பி அனுப்புகிறோம், அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருமண வீட்டில் இலையில் ரசம் ஊற்றினார்கள். அதில் மிதந்த கொத்தமல்லியைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

ஊர் திரும்பியதும் குடியிருப்பின் அலுவலகத்தில் கோப்பை வாங்கிப் பார்த்தேன். வாரியத்தின் ஒப்புதல் கடிதம் இருந்தது. நீர்ச் சோதனை அறிக்கைகளும் ஒழுங்காக இருந்தன. ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க எத்தனை மில்லிகிராம் பிராணவாயு தேவை என்பதைக் கொண்டு மாசை அளக்கிறார்கள். சுத்தம் செய்யாத வீட்டுக் கழிவில் அது 200 முதல் 300 வரை இருக்கும். 1993-இல் வகுத்த பொது விதி 30-க்கு மேல் ஆகாது என்றது. 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் 10 போதாதா என்று மேலும் இறுக்கியது. மனிதர் குளிக்கும் ஆற்றில் இருக்கத் தக்கது 3-தான். எங்கள் அறிக்கைகளில் எண்கள் எல்லாம் அழகாகவே இருந்தன. மாதிரி எடுத்த நேரங்கள் மட்டும் எல்லாமே பகல். இரவு பன்னிரண்டு மணிக்குப் பைபாஸ் குழாயின் கீழே பாட்டில் பிடித்தவர் எவருமில்லை.

சிறு கழிவுகளுக்கு விதி செய்வதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. பெரிய ஆலை ஒன்றைக் காவல் காப்பது எளிது. அதன் புகைபோக்கியே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆயிரக்கணக்கான நிலவறைகளில் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு யந்திரங்களை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க எந்தச் சர்க்காரிடமும் ஆள் இராது. ஒப்புதல் கடிதமும் அபராதமும் வேண்டியவையே. சர்க்காரின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களும் சாக்கடைக் குழாய்களும் இன்னும் வேண்டும். பழி முழுவதையும் வீடுகளின் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. ஆயினும் எங்கள் புளோயரின் விசை அதிகாரியின் கையில் இல்லை. எங்கள் கையில் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, சென்ற தடவை நான் கை தூக்கியது தவறு என்றேன். கண்டதைச் சொன்னேன். பைபாஸ் குழாயை அடைத்து முத்திரையிடவேண்டும், யந்திரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவேண்டும், இரவு மாதிரியும் சோதனைக்குப் போகவேண்டும் என்று மூன்று யோசனைகள் வைத்தேன்.

"நாம் ஒருவர் திருந்திவிட்டால் ஆறு தெளிந்துவிடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தெளியாது என்றே ஒப்புக்கொண்டேன். "ஆனால் நாம் ஒருவர் விட்டதால் கெட்டுவிடுமா என்று எண்ணித்தானே அத்தனை குழாய்களும் அங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன?" என்றும் சொன்னேன். அப்போது தருமபுரிப் பக்கத்து அம்மாள் ஒருவர், அதுவரை வாயே திறவாதவர், எழுந்து நின்றார். "எங்கள் ஊர் அந்த ஆற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. மின்சாரத்துக்கு என் பங்கை நான் கொடுத்துவிடுகிறேன்" என்றார். என் பேச்சு செய்யாததை அந்த இரண்டு வாக்கியங்கள் செய்தன. சிறிய பெரும்பான்மையில் யோசனை நிறைவேறியது. மாதச் சந்தா கொஞ்சம் உயர்ந்தது. முணுமுணுப்பும் கொஞ்சம் உயர்ந்தது. சுத்தமான நீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிகளுக்கும் திருப்பியதால், லாரித் தண்ணீர் வாங்குவது குறைந்து, அந்த முணுமுணுப்பும் சிறிது அடங்கியிருக்கிறது.

வெளியூரில் வாழும் நாம் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவதைப் பெரிதாக நினைக்கிறோம். நம் வீட்டு நீரோ ஒவ்வொரு நாளும் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் குடியிருப்பிலும் நிலவறை ஒன்று இருக்கும். இன்று இரவு பத்து மணிக்குமேல் ஒருதரம் கீழே இறங்கிப் போய், யந்திரத்தின் சப்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள்.