கருனியைத் தேடிய விடுமுறை



வழக்கமாக இங்கு இலக்கணமும் வகுப்பறை அனுபவங்களுமே எழுதி வருகிறேன். இன்று சற்று வேறுபட்ட ஒரு செய்தி. ஆயினும் படித்து முடிக்கையில் இதுவும் வகுப்பறைச் செய்திதான் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

கடந்த நீண்ட விடுமுறையின்போது என்னிடம் பயின்ற பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வயது பத்தொன்பது. பொலிடெக்னிக்கில் கணினித் துறையில் பயில்கிறான். தந்தையார் லோரி ஓட்டுநர். தாயார் தொழிற்சாலை ஊழியர். பெயரை எழுதுவது முறையன்று என்பதால் இங்கே 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன். தேநீர் அருந்தி முடிக்கும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவன், பிறகு தயங்கியபடி விடயத்துக்கு வந்தான்.

"ஐயா, லினக்ஸ் கெர்னல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்."

எனக்குத் தெரிந்தது தமிழ், கொஞ்சம் கணிதம். கணினியில் தட்டச்சு செய்யவும் வினாத்தாள் தயாரிக்கவும் தெரியும். இதை அவனிடம் சொன்னேன். அவன் எழுந்து போகவில்லை. கேட்பதற்கு வேறு ஆள் இல்லாதவன்தான் இப்படி அமர்ந்திருப்பான் என்பது பின்னரே எனக்குப் புரிந்தது.

கெர்னல் என்பதைத் தமிழில் கருனி என்பர். அதை எளிமையாக இப்படி விளக்கலாம். ஒரு பள்ளியில் கணினி அறை ஒன்றே ஒன்று, வகுப்புகளோ பன்னிரண்டு. எந்த வகுப்பு எப்பொழுது உள்ளே செல்லலாம், யார் எந்த நாற்காலியில் அமரலாம், ஒருவர் செய்ததை மற்றவர் அழித்துவிடாமல் எப்படிக் காப்பது என்பதையெல்லாம் ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்கிறார் அல்லவா? கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது கருனி. அதுதான் இயங்குதளத்தின் நடுப்பகுதி. லினக்ஸ் கருனியின் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டுள்ளது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் திருத்தத்தைப் பொறுப்பாளர்களுக்கு அனுப்பலாம்.

1991ஆம் ஆண்டு, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சி இது. முதற்பதிப்பில் இருந்தவை ஏறத்தாழ 10,000 வரிகள். இன்றோ 3 கோடி வரிகளையும் கடந்துவிட்டது. தம்பி நேரே அந்த 3 கோடி வரிக் கடலில் குதித்திருக்கிறான்.

குதித்தது மட்டுமன்று. காணொளி வகுப்பு ஒன்றுக்கு 600 வெள்ளி கட்டியிருக்கிறான். அம்மாவின் சீட்டுப் பணம். முதலிரு பாடங்கள் ஓடின. மூன்றாம் பாடத்தில், அதில் காட்டிய நிரலை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டச்சு செய்தும் கணினி ஏற்க மறுத்தது. அந்தக் காணொளியை ஒன்பது முறை பார்த்தானாம்.

"எனக்கு இதெல்லாம் ஏறாது போலிருக்கிறது ஐயா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை," என்றான்.

அந்தச் சொற்களைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ தைத்தது. அவன் ஐந்தாம் ஆண்டில் பயின்றபோது, கணினி அறையில் ஒரு பழைய கணினியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தான். பொறுப்பாசிரியர் நான். "தெரியாததில் கை வைக்காதே" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டு, அந்தத் தவணை முழுவதும் அவனைக் கணினி அறைக்குள் நுழைய விடவில்லை. மூடியை மீண்டும் பொருத்தியதும் அந்தக் கணினி நன்றாகவே இயங்கியது. தண்டனையை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. அதை அவன் நினைவில் வைத்திருக்கிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

"நாளை உன் மடிக்கணினியைக் கொண்டு வா. இருவரும் சேர்ந்து தேடுவோம்," என்றேன்.

மறுநாள் அந்த மூன்றாம் பாடத்தைத் திறந்தோம். கணினி காட்டிய பிழைச் செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இதற்கு முன் அவன் அதை முழுமையாகப் படித்ததே இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிடுவானாம். குறிப்பிட்ட ஒரு செயற்கூறு ஒருவகைத் தரவமைப்பை எதிர்பார்க்கிறது, நாம் கொடுத்திருப்பதோ வேறு வகை என்று அச்செய்தி தெளிவாகச் சொன்னது. எனக்கு ஆசிரியருக்குரிய ஓர் ஐயம் எழுந்தது. பாடநூல் எந்த ஆண்டுக்குரியது?

காணொளியின் முதற்பாடத்தில் திரையின் ஓரத்தில் கருனியின் பதிப்பெண் தெரிந்தது. நான்கில் தொடங்கியது. தம்பியின் கணினியில் இருந்ததோ ஆறில் தொடங்கும் பதிப்பு. இணையத்தில் தேடியபோது விடை கிடைத்தது. 'பிராக்' என்னும் கோப்பகத்தில் புதிய கோப்பு உருவாக்கும் செயற்கூறு ஏற்கும் தரவமைப்பு, 2020ஆம் ஆண்டு வெளிவந்த 5.6ஆம் பதிப்பில் மாற்றப்பட்டிருந்தது. தம்பி மூன்று இடங்களில் பெயர்களை மாற்றினான். நிரல் ஓடியது.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்படியானால் பிழை என்னுடையது இல்லையா ஐயா?"

"இல்லை," என்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டிய சொல்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அதற்காக எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் உள்ள இலக்கணம் பிழையன்று. தேர்வின் அமைப்புத்தான் இன்று இல்லை. கருனி நூல்களின் நிலையும் இதுதான். சாதன இயக்கிகளை எழுதக் கற்றுத்தரும் 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' என்னும் நூலின் மூன்றாம் பதிப்பு 2005இல் வெளிவந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது 2.6.10ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ராபர்ட் லவ் எழுதிய நூலின் மூன்றாம் பதிப்பு 2010இல் வந்தது. கருத்துகளைப் புரிந்துகொள்ள இன்றும் இவை சிறந்தவை. ஆனால், நிரலை அப்படியே தட்டச்சு செய்தால் கணினி ஏற்காது. கருனியோ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவந்துகொண்டே இருக்கிறது.

சரி, தொடக்கநிலை மாணவனுக்கு எது பொருந்தும்? முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் யாரும் கம்பராமாயணத்தைக் கொடுப்பதில்லை. கருனிக்கும் ஓர் அரிச்சுவடி இருக்குமா என்று தேடினோம். இருந்தது.

அதன் கதை சுவையானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்னும் பேராசிரியர் இருந்தார். 1970களில் தம் மாணவர்களுக்காக, யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு மூலநிரலை ஒரு தொகுதியாகவும் அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் அமைத்தார். மூலத்துக்கு வரியெண் உண்டு. உரை அந்த எண்ணைச் சுட்டியே விளக்கம் சொல்லும். பரிமேலழகர் உரையோடு குறளைப் படித்து வளர்ந்த நமக்கு இம்முறை புதிதா என்ன? பின்னர் அந்த மூலநிரலின் உரிமையாளர்கள் அதனை வகுப்பறையில் பயன்படுத்தத் தடை விதித்தனர். மாணவர்கள் விடவில்லை. நம் முன்னோர் ஏடு பார்த்து ஏடு எழுதியதைப் போல, அவர்கள் ஒளிநகல் பார்த்து ஒளிநகல் எடுத்தனர். 1996இல்தான் அந்நூல் முறைப்படி அச்சேறியது. லயன்ஸ் 1998இல் மறைந்தார்.

அதே ஆறாம் பதிப்பைத் தழுவி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2006இல் கற்பித்தலுக்கென்றே ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதினர். பெயர் எக்ஸ்வி6. பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவு. அதற்கு ஏறத்தாழ நூறு பக்க விளக்க நூல் ஒன்று உண்டு. நூல், மூலநிரல், பயிற்சிகள் அனைத்தும் இலவசம். இதனோடு, விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் எழுதிய 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' என்னும் பாடநூலும் இயல் இயலாக இலவசமாகக் கிடைக்கிறது. 600 வெள்ளிக்கு விற்கப்பட்டதைவிடச் சிறந்தவை கேட்பாரற்றுக் கிடந்தன.

அடுத்த மூன்று வாரங்கள் தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். சமையலறையை ஒட்டிய மேசையில் அமர்ந்து அவன் படிப்பான். நான் கட்டுரைகள் திருத்துவேன். ஒவ்வொரு நாளும் கிளம்புவதற்கு முன், அன்று படித்ததை எனக்குத் தமிழில் விளக்க வேண்டும். இஃது ஒன்றே நான் இட்ட நிபந்தனை. ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குக் கருனி எப்படி மாறுகிறது என்பதை விளக்க முடியாமல் ஒருநாள் திணறினான். ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொன்னான், தமிழில் வரவில்லை. "அப்படியென்றால் இன்னும் புரியவில்லை, போய் மீண்டும் படி," என்றேன். மறுநாள் வந்து, "ஓர் ஆசிரியர் பாதியில் எழுந்து போகும்போது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று குறித்து வைத்துவிட்டு அடுத்தவர் தம் புத்தகத்தை விரிப்பது போல," என்றான். எனக்கும் புரிந்தது.

ஒரு மாலை என்னைக் கூப்பிட்டான். கியூ-எமு என்னும் மென்பொருள் கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உருவாக்கித் தருகிறது. கருனியில் பிழை நேர்ந்தால் கணினி முழுவதும் உறைந்துவிடக்கூடும். உறைவது போலிக் கணினியாக இருந்தால் இழப்பு ஏதுமில்லை. அதில் எக்ஸ்வி6 தொடங்கும்போது, கருனி தொடங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும். தம்பி அதை மாற்றியிருந்தான். கருந்திரையில் வெள்ளை எழுத்தில் வந்தது: 'கருனி விழித்தெழுகிறது'.

எனக்குப் பேச்சு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

லினக்ஸ் கருனியின் ஆவணங்களில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், எசுபானியம் ஆகியவற்றில் மொழிபெயர்ப்புகள் உள்ளன. தமிழ் அங்கு இல்லை. ஆறு ஆண்டுகள் தமிழில் பயின்று, பிறகு மலாய்க்கு மாறி, உயர்கல்வியில் ஆங்கிலத்தை எதிர்கொள்ளும் நம் பிள்ளைகள் பலர், மொழிச் சுமையை அறிவுக் குறைவென்று தாங்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு நாமும் சில வேளைகளில் துணைபோகிறோம். நான் போயிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும், இந்தத் தேடலில் நான் கற்றவை:

1. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பாடம் எந்த ஆண்டில், எந்தப் பதிப்புக்காகத் தயாரிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

2. பல்கலைக்கழகங்கள் இலவசமாக வெளியிட்டுள்ள பாடங்களை முதலில் தேடுங்கள்.

3. சி மொழியில் நல்ல பயிற்சி பெற்ற பின்னரே கருனிக்குள் நுழையட்டும். சிறியதை முழுமையாகப் படித்துவிட்டுப் பெரியதற்குச் செல்லட்டும்.

4. பிழைச் செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தாய்மொழியில் விளக்கச் சொல்லுங்கள்.

5. உங்களுக்குத் தெரியாத துறையாக இருந்தாலும் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அது போதும்.

தம்பி இப்பொழுது லினக்ஸ் மூலநிரலின் விளக்கக் குறிப்புகளில் எழுத்துப் பிழைகளைத் தேடிக்கொண்டிருக்கிறான். புதியவர்கள் அத்தகைய சிறு திருத்தங்களிலிருந்து தொடங்குவது அங்கே வழக்கமாம். பிழை திருத்தும் வேலை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது; இருபத்தைந்து ஆண்டுகளாக நான் செய்வதும் அதுதானே!

600 வெள்ளி பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். விடைபெறும் நாளில், வாசலில் காலணி அணிந்துகொண்டே, "ஐயா, பள்ளியில் அந்தக் கணினி இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

அவன் மறந்திருக்கவில்லை.

"இல்லை தம்பி, எப்போதோ அகற்றிவிட்டார்கள். அன்று நான் உன்னை அப்படிச் செய்திருக்கக் கூடாது," என்றேன்.

அவன் சிரித்தான். "உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன் ஐயா, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

அடுத்த முறை ஒரு மாணவன் திருகாணியும் கையுமாக நிற்கும்போது, அவன் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்