அது வாய்க்கூடு இல்லை

உறவுகளே, காலையில் முகத்தில் பட்டி போட்ட பெரிய நாய்களைச் சிலர் எங்கள் பாதையில் கூட்டிவருகிறார்கள். "வாய் கட்டித்தானே இருக்கு, கடிக்காது" என்று பாடசாலைப் பிள்ளைகள் சிலர் கிட்டப் போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

அது ஹெட் கொலர். ஒரு பட்டி காதுக்குப் பின்னால், இன்னொன்று மூக்கின் மேல், கயிறு தாடைக்குக் கீழே. கழுத்துப்பட்டி போட்ட துடிப்பான நாய் உடம்பின் முழுப் பலத்தையும் போட்டு ஆளையே இழுத்துக்கொண்டு போகும். இதில் இழுத்தால் தலை பக்கத்துக்குத் திரும்பிவிடும், பலம் போடமுடியாது. மாட்டைத் தலைக்கயிற்றில் நடத்தும் உக்குவளைப் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். ஆனால் வாய் திறக்கும். தண்ணீர் குடிக்கும், கடிக்கவும் செய்யும்.

வளர்ப்பவர்களே, அதைச் சுண்டி இழுக்க வேண்டாம், கழுத்துக்குக் கேடு. நீளக் கயிறும் கூடாது. முதலில் சில நாள் வீட்டிலேயே, தீனி கொடுத்துக் கொடுத்து, மூக்கை நுழைக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் காலால் பிறாண்டிக் கழற்றப் பார்க்கும்.

எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டுமே என்று வேறு சில பிள்ளைகள் நாயைக் கண்டதும் ஓடுகிறார்கள். ஓடினால்தான் துரத்தும். கையை உடம்போடு வைத்து அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுப்போம். கல்லெறிவதும் வேண்டாம், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை மத்ரஸாவில் கேட்ட பிள்ளைகள்தானே.

கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஊசிக்குக் காசில்லை.