அலமாரிமேல் இருந்த தோல் பை



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்த பொருள் ஏதாவது இருக்கிறதா? "நல்லது, பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லி, நாமும் அனுபவிக்காமல், பிறருக்கும் கொடுக்காமல் மூடி வைத்திருப்போமே, அப்படிப்பட்ட பொருள். எங்கள் வீட்டில் அது ஒரு தோல் கைப்பை.

அந்தப் பை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயார் கித்தாக்காட்டில் பால்மரம் வெட்டியவர். 1996-இல் எங்கள் தோட்டத்து மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஆள்களைக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டே அம்மா பட்டர்வொர்த்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பெர்ரியில் அக்கரைக்குப் போய், ஜார்ஜ் டவுனில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார்.

முதலில் வேலை பார்த்த வீட்டில் ஒரு நாள் மோதிரம் ஒன்றைக் காணோம். அம்மாவின் துணிப்பையை வாங்கி, கூடத்தில் எல்லாரும் பார்க்கக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வெற்றிலைப் பொட்டலம், மாற்றுச் சேலை, எனக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு பேனா, அவ்வளவுதான் விழுந்தது. மறுநாள் குளியலறையில் மோதிரம் அகப்பட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா வேறு வீடு பார்த்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும், யாரும் கேட்காமலே, வாசலில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய விழாவிலும் மண்டப வாசலில் தன் துணிப்பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வீடு புலாவ் தீக்குஸ் பக்கம். வயதான சீன அம்மையார் ஒருவர் தனியாக இருந்தார். அம்மாவிடம் பிரியமாக நடந்துகொண்டார். 2005-இல் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தாம் பல வருடம் கையில் வைத்திருந்த விலை உயர்ந்த கைப்பையை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா என்ன கேட்டார் தெரியுமா? "நீங்களாகக் கொடுத்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டாராம். அந்த அம்மையார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அம்மா அதை மடித்துப் பையின் உள்பகுதியில் வைத்தார். பையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சிட்டார். அதோடு அலமாரிமேல் ஏறியதுதான்.

மூன்றாண்டுக்கு முன் அலமாரியை நகர்த்தும்போது நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. மூலைகளில் நிறம் உதிர்ந்து வெளிறிவிட்டது. கைப்பிடி ஓரம் வெடித்திருந்தது. கடிதத்திலும் புள்ளி புள்ளியாகப் பூசணம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விடும்மா, நமக்குக் கொடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. உடனே ஒரு தப்புச் செய்தேன். தோல்தானே, எண்ணெய் பட்டால் பளபளப்பு வரும் என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒரு மூலையில் நன்றாகத் தேய்த்தேன். அந்த இடம் மட்டும் கறுத்துப்போனது. நாலு நாளில் சிக்கு வாடை வேறு. வாசகர்களே, தயவுசெய்து சமையல் எண்ணெய் எதையும் தோலில் தடவாதீர்கள். தலைக்கு நல்லது தோல் பைக்கும் நல்லது என்பது கிடையாது.

பையைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சடியில் செருப்பும் பெட்டியும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தகப்பனார் காலத்திலேயே வாணியம்பாடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பையை மோந்து பார்த்தார். "எண்ணெய் வச்சீங்களா டீச்சர்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பேசப் பேசத்தான் தோலுக்கும் நம்மவர்களுக்கும் எவ்வளவு பழைய உறவு என்று விளங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. சென்னை அடையாற்றில் 1948-இல் தோல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிலையம் அமைத்தார்கள். இன்று உலகத்தில் பெரும்பகுதித் தோலைக் குரோமிய உப்புப் போட்டுத்தான் பதனிடுகிறார்கள். அது விரைவான வேலை. பினாங்குக்கும் இதில் பெருமை உண்டு. உலகப் பணக்காரர்கள் வாங்கும் காலணிகளுக்கும் கைப்பைகளுக்கும் பெயராக விளங்கும் ஜிம்மி சூ, பினாங்கில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன். தகப்பனாரிடம் தொழில் பழகி, லண்டனுக்குப் போய்ப் படித்துப் பெயரெடுத்தவர். அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது 1996-இல். எங்கள் தோட்டத்து மரம் சாய்ந்த அதே வருடம்!

தோல் வேலை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நான் பையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "டீச்சருக்கு இது என்ன வேலை?" என்று கேட்ட உறவினரும் உண்டு. அதே தோல், பேரங்காடியில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் இருந்தால் அவர்களே வாய் பிளந்து நிற்பார்கள். போகட்டும்.

பெரியவர் சொன்ன முதல் பாடம்: "டீச்சர், இதில் கை வைக்காதீங்க. முதலில் வேறு ஒன்றில் பழகுங்க." ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். மலாயில் கூலிட் என்றால் தோல். தோல் சந்திலேயே தோல் பை தேடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்! தரையில் விரித்த படுதாவில் கிடந்த பழைய தோல் பர்ஸ் ஒன்றை ஐந்து வெள்ளிக்கு வாங்கி வந்தேன். அதுதான் எனக்குப் பயிற்சிப் புத்தகம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவுச் சந்தையில் தோல் என்று சொல்லி விற்கும் பல பைகள் தோலே அல்ல. துணிமேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியவை. நம் நாட்டு ஈரக் காற்றில் சில வருடத்தில் அந்தப் பூச்சு பொடுக்குப் பொடுக்காக உரிந்து, கையிலும் சேலையிலும் ஒட்டும். அதற்கு மருந்து கிடையாது. எந்தக் களிம்பும் பிடிக்காது. காசைச் செலவழிக்காதீர்கள். பையின் உட்பக்க ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் அது பூச்சு.

இனி வேலைக்கு வருவோம். பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், பரவிவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் திண்ணையில் வைத்து, பழைய மென்மையான பிரஷால் உலர்ந்தபடியே தட்டிவிட்டேன். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு சில துளிகள் விட்டு, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்தேன். அதன்பின் வெறும் ஈரத்துணி. பிறகு நிழலில், காற்றாடிக்குக் கீழே இரண்டு நாள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். எண்ணெய் பட்ட மூலையில் சோளமாவைக் குவித்து ஒரு ராத்திரி வைத்தேன். பாதி எண்ணெயை மாவு இழுத்தது. மீதி இன்றும் அங்கேதான் இருக்கிறது. என் அவசரத்தின் முத்திரை.

நிறம் பூசுமுன் ஒரு சோதனை உண்டு. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் மேலே வர்ணப்பூச்சு உள்ள தோல். ஊறிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். பூச்சில்லாத தோலில் நிறம் தீட்டப் போகாதீர்கள். கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறம் ஏறுவதுதான் அதற்கு அழகு. அம்மாவின் பையில் உடம்பு பூச்சுள்ள தோல், கைப்பிடி பூச்சில்லாதது. ஆகவே கைப்பிடியைத் துடைத்ததோடு விட்டேன். அதில் இருந்த கறுப்பு அந்த சீன அம்மையாரின் கைப்பட்ட கறுப்பு.

மூலைகளில்தான் உண்மையான வேலை. மரச்சாமான் தேய்க்கும் உப்புத்தாளில் மிக நைசான ரகம், 1000 எண்ணும் அதற்கு மேலும், கொண்டு லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பை எடுக்க வேண்டும். நான் சந்தையில் வாங்கிய பர்சில் அழுத்தித் தேய்த்து ஓட்டையே போட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா வந்தார். "இப்படியா தேய்ப்பாங்க? பட்டை சீவுற மாதிரி போகணும். மரத்துக்குக் காயம் படக்கூடாது. கொண்டா இங்கே" என்று வாங்கிக்கொண்டார்.

உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் பால் எடுக்கிற கை அது. கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. இருபது வருடத்துக்கு மேல் அப்படிச் சீவிய விரல்களுக்குத் தோல் ஒரு பெரிய காரியமா? நாலு மூலையையும் அம்மாவே முடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூசியைத் துடைத்துக் கொடுத்தேன்.

தோலுக்கென்று விற்கும் வர்ணம்தான் வேண்டும். செருப்புப் பாலிஷ் வேண்டாம், அது சேலையில் ஒட்டும். எங்கள் பழுப்பில் கொஞ்சம் சிவப்பு தூக்கலாக இருந்தது. ஒரு துளி கறுப்புச் சேர்த்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் காட்டும். மடலின் அடியில் பூசிக் காய விட்டுப் பார்த்த பிறகே மூலைக்குப் போக வேண்டும். பஞ்சுத் துண்டால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி, மெல்லிசாக மூன்று பூச்சு. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் நிறம் போகாமல் காக்கும் மேல்பூச்சு. வெடித்த ஓரத்துக்கு வர்ணம் வைக்க, விளக்குமாற்று ஈர்க்குச்சியைப் போல் நல்ல கருவி இல்லை. பிரிந்த தையலைப் பெரியவரே மெழுகு நூலால் பழைய துளைகளிலேயே போட்டுத் தந்தார். தோலில் புதுத் துளை போட்டால் போட்டதுதான், துணிபோல் மூடாது. பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். மேலே இருப்பது மெல்லிய முலாம், போய்விடும். புளித்தண்ணீர் தோலிலும் கறை விடும்.

இதெல்லாம் நாமே வைத்துப் பிழங்கும் பைக்குத்தான். விற்கிற எண்ணம் இருந்தால் கை வைக்காதீர்கள். நம் வர்ணம் பட்டால் அப்படிப்பட்ட பைகளின் விலை இறங்கிவிடும்.

இப்போது பை தலையணை உறைக்குள் இருக்கிறது. உள்ளே பழைய கைலியைச் சுருட்டி வைத்திருக்கிறோம். செய்தித்தாளின் மை உள்துணியில் ஒட்டும். பிஸ்கட் டின்னில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றில் வைக்கிறோம். தோலுக்கான களிம்பு வருடத்துக்கு இரண்டு முறை, பட்டாணி அளவு போதும். கூடினால் பூசணத்துக்கு நாமே விருந்து வைத்தது போலாகும்.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பினாங்கில் பட்டமளிப்பு. காலையில் அம்மாவின் பையில் அடையாள அட்டை, கைக்குட்டை, வெற்றிலைப் பெட்டி எல்லாம் எடுத்து வைத்தேன். அந்தக் கடிதம் கையில் பட்டது. பூசணம் துடைத்து, காய வைத்து, மறுபடி மடித்து வைத்திருந்தோம். "இதை வீட்டில் வச்சிட்டுப் போகலாமாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அது அங்கேயே இருக்கட்டும்."

மண்டப வாசலில் காவலுக்கு நின்ற மலாய்ப் பெண் எங்களைப் பார்த்து உள்ளே போகும்படி கை காட்டினாள். அம்மா நின்றுவிட்டார். கொக்கியைத் திறந்து பையை நீட்டினார். அந்தப் பெண் உள்ளே பார்க்கவேயில்லை. பையைத் தடவிப் பார்த்து, "அழகான பை, மாச்சிக். எங்கே வாங்கினீர்கள்?" என்று மலாயில் கேட்டாள்.

அம்மாவின் கை உள்பக்கம் போனது. கடிதத்தை எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். விரல் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"பழைய பைதான். நானும் என் மகளும் சேர்ந்து சரி செய்தோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, கொக்கியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தார்.