தலையிடிக் கொப்பி

தமிழகத்து நண்பர்கள் தலைவலி என்பதை இலங்கையில் நாங்கள் தலையிடி என்போம். என் மனைவிக்கு வருவதை இருபது ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், எங்கள் சொல்லே பொருத்தமானது என்பேன். இடது புருவத்தின் மேல் தொடங்கிப் பிடரிவரை இடித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் வெளிச்சம் ஆகாது. மீன் பொரிக்கும் மணம் ஆகாது. கேத்தல் மூடி தரையில் விழுந்தால் வாந்தி வரும். சிங்களத்தில் இதற்கு ‘இருவாரதய’ என்று பெயர். ‘இரு’ என்றால் சூரியன். பேராதனையில் வெயில் ஏறும் நாட்களில், யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு இருட்டில் படுத்திருப்பவரைப் பார்த்தால் அந்தப் பெயரும் பொய்யில்லை என்று தோன்றும்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன். அலுவலகம் எங்களுக்கென ஒரு குழுக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தது. வார்டில் ஓர் இரவாவது தங்கினால்தான் அது பணம் தரும். தலையிடிக்காரர் வார்டில் படுப்பதில்லை, வீட்டில்தான் படுக்கிறார். ஆகவே அதனால் எங்களுக்குக் கிடைத்த பயன், ஒரு தடவை இரண்டு நாள் தங்கி எடுத்த ஸ்கான் படம் மட்டுமே. மூளையில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. நான் மகிழ்ந்தேன், அவர் அழுதார். ஒன்றுமில்லையென்றால் இத்தனை காலமும் நொந்தது என்ன என்று கேட்டார்.

2015இல் நான் ஓய்வுபெற்ற அன்றே காப்புறுதியும் ஓய்வுபெற்றது. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. பத்திரிகைக்காரனுக்கும், சிறு முன்பள்ளி ஒன்றில் கற்பிக்கும் அவன் மனைவிக்கும் அப்படி ஒன்றும் இல்லை. தனியாக எடுத்துவிடலாம் என்றெண்ணி முகவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற இடத்தில் அவருடைய பேனா நின்றது. “சேர், இதை எழுதினால் இதற்குக் கிடைக்காது. எழுதாமல் விட்டால் பிறகு எதற்குமே கிடைக்காது” என்றார். நேர்மையான மனிதர். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதுவரை ‘சனல்’ செய்துதான் வைத்தியம் நடந்தது. (வெளிநாட்டு வாசகர்களுக்காக: வைத்திய நிபுணரை மாலையில் தனியார் நிலையத்தில் பணம் கட்டிப் பார்ப்பதற்கு இங்கே அப்படிப் பெயர்.) இலக்கம் முப்பத்தாறு என்றால் இரவு ஒன்பது மணியாகும், உள்ளே நான்கு நிமிடம். ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார். இன்னொருவர் கவலையை விடச் சொன்னார்; அந்த ஆலோசனைக்கும் கட்டணம் உண்டு. இடைப்பட்ட நாட்களைத் தாண்டவைத்தது பனடோல். வாங்குபவன் நான். கலஹா சந்தியில் பாண் வாங்கும்போதே இரண்டு அட்டை, சில வேளை ஒரு சித்தாலேப டப்பி. இரவில் பஸ்ஸால் இறங்கியதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். அட்டை இருந்தால் நிம்மதி. மனைவிக்கு நகை வாங்கிக் கொடுக்காதவன் மருந்தையாவது குறைவில்லாமல் வாங்கிக் கொடுக்கிறேன் என்ற பெருமையும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கையிருப்புக் கரைந்தபின், 2017இல், அரச வைத்தியசாலையொன்றின் கிளினிக்குக்குப் போனோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசை. பிறகு வாங்கில் நான்கு மணி நேரம், தலைக்கு மேலே கண்சிமிட்டும் குழல் விளக்கு, பக்கத்தில் அழும் குழந்தை. தலையிடிக்காரருக்கு இதைவிடக் கொடிய இடத்தை யாரும் திட்டமிட்டுக்கூடக் கட்ட முடியாது. நனைத்த கைக்குட்டையால் அவருடைய கண்களை மூடிவிட்டேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் வரிசையைத் தாண்டியிருக்கலாம். “வேண்டாம். அந்தக் குழந்தையோட வந்த பொம்பிளைக்கு முன்னால நான் எப்படிப் போறது?” என்றார், கைக்குட்டையை விலக்காமலே.

உள்ளே இளம் வைத்தியர், சிங்களப் பெண். என் மனைவியின் சிங்களம் சந்தைக்குப் போதும், நோவைச் சொல்லப் போதாது. நான் மொழிபெயர்த்தேன். “மண்டைக்குள்ள உலக்கை விழுகுது” என்றது என் வாயில் “கடுமையான வலி” ஆகிவிட்டது. செய்தி எழுதிய பழக்கம், எதையும் தணித்துவிடும். வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாதத்தில் எத்தனை நாள் பனடோல் குடிக்கிறீர்கள் என்றார். மனைவி என்னைப் பார்த்தார். அட்டைக் கணக்கு என்னிடம்தானே இருந்தது. இருபதுக்கு மேல் என்றேன்.

மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைக் கடந்து இப்படி வலிமாத்திரை எடுத்தால், அந்த மாத்திரையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். மருத்துவ உலகம் நன்கறிந்த விடயம். முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் பேசவில்லை. “நீங்கள் வேணுமெண்டா செய்தனீங்கள்?” என்று அவரே ஆறுதல் சொன்னார்.

பனடோலை நிறுத்திய முதல் மூன்று வாரங்களை விவரிக்கப் போவதில்லை. கூடவே, தலையிடி வராமல் தடுக்க ப்ரோப்ரனோலோல் என்ற மாத்திரை எழுதப்பட்டது. (இழுப்பு நோய் உண்டா என்று முதலில் கேட்டார்கள், உள்ளவர்களுக்கு அது ஆகாது.) இதய நோய்க்கென ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய மருந்து அது; 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஒற்றைத் தலையிடிக்கும் உதவுவது தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு கொப்பியில் நாட்களைக் குறித்துவரச் சொன்னார்கள். கோடு போட்டுக் கொடுத்தவன் நான். நான்கு மாதத்தில் இருபது, ஏழாயிற்று.

நிற்க. அமெரிக்காவில் 2018இல் இந்த நோய்க்கென்றே ஓர் ஊசிமருந்து வந்தபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 6,900 டொலர். எங்கள் மாத்திரையோ கிளினிக்கில் இலவசம். ஒசுசலவில் வாங்கினாலும் சில்லறைக் காசு. இதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்: பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்தை வணிகப் பெயரால் அல்ல, அதன் பொதுப் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று வாதாடியவர். 1977இல் கயானாவில் காலமானார். அவர் நடமாடிய வளாகத்துக்கு அருகே வாழ்ந்தும், ஒரு நினைவு தினக் கட்டுரைக்கு மேல் நான் அவரைப் பற்றி எழுதியதில்லை.

பிறகு 2022 வந்தது. மார்ச் இறுதியில், மருந்தில்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்ட செய்தி உலகெங்கும் போயிற்று. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், செய்தி தம்மைக் கலங்கவைத்ததாக எழுதி, உதவ வழி பார்க்கும்படி தூதுவரைப் பணித்தார். சத்திரசிகிச்சை நின்றால் செய்தி. எங்கள் சீட்டில் ‘வெளியில் வாங்கவும்’ என்று எழுதப்பட்டது செய்தியாகாது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. கெட்டம்பே வழியாகக் கண்டிவரை நடந்து ஏழு மருந்தகங்கள் ஏறி இறங்கினேன். ஏழாவதில் பத்து மாத்திரை கிடைத்தது. திடீரென நிறுத்தக்கூடாத மருந்து. எனக்குத் தெரியாமல் அவர் ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்து விழுங்கியிருக்கிறார். கொப்பி காட்டிக்கொடுத்தது: ஜூனில் பதினொரு நாள், ஜூலையில் பதினான்கு.

அந்த ஜூலையின் ஓர் இரவு, மின்வெட்டு, அவர் பனடோல் கேட்டார். அட்டையை நான் ஒளித்து வைத்திருந்தேன். மெழுகுதிரியைக் கொளுத்திக் கொப்பியைப் புரட்டி, “இந்த மாதம் இது பத்தாவது” என்றேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நோகிறது எனக்கு. கணக்கு உங்களுக்கு” என்றார்.

அட்டையைக் கொடுத்தேன். ஆகஸ்டில் சென்னை நண்பர் ஒருவர், பயணி மூலம் ஆறு மாதத்துக்கான மாத்திரை அனுப்பினார். விலை கேட்டால் சிரிக்கிறார்.

கொப்பி இப்போது அவருடைய தலையணைக்கு அடியில் இருக்கிறது. கோட்டையும் அவரே போடுகிறார், நான் திறப்பதில்லை. அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.