தறி ஓய்ந்த நாள்

காஞ்சிபுரத்திற்குப் பட்டு நெசவைக் காணவென்றே சென்றிருந்தோம். பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலை முதலே தறியொலி கேட்கும் என்று சொல்லியிருந்தனர். நாம் போன அன்றோ ஓர் ஒலியும் இல்லை. தெருவில் நீட்டிய பாவும் இல்லை. திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரை வினவினோம்.

"இன்று அமாவாசை, ஐயா. தறியில் உட்காரமாட்டோம். நாளைக்கு வாருங்கள்" என்றார்.

அரசு விடுமுறையை மட்டும் பார்த்துப் புறப்பட்ட நாம், நிலவைப் பார்க்க மறந்துவிட்டோம்!

முதியவர் அன்போடு உள்ளே அழைத்தார். குழித்தறியில் பாதி நெய்த சேலை மூடிக் கிடந்தது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள். கரை நாடாவைத் தள்ளத் துணையாள் வேண்டும். ஒருவர் ஓய்ந்தால் மற்றவரும் ஓயவேண்டியதே. ஊர் முழுவதும் ஒரே நாளில் ஓய்வதன் நயம் அப்போது விளங்கியது.

"இந்த நாளுக்குக் கூலி உண்டா?" என்றோம்.

"நெய்த சேலைக்குத்தான் கூலி. ஆனாலும் கண்ணும் முதுகும் ஒரு நாள் கேட்கின்றனவே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நம் ஏமாற்றத்தை நாணச் செய்தது.

ஜெர்மனியில் குடியேறிய உறவினர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சனி மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்காத புதியவர் திண்டாடுவார். ஞாயிறையும் விடுமுறைகளையும் ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரியனவாக அந்நாட்டு அரசியல் சட்டமே காக்கிறது. அவ்விடுமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நெசவால் வளர்ந்த ஆக்ஸ்பர்க் நகருக்கோ தனக்கெனவே ஒரு விடுமுறை உண்டு. அது ஆகஸ்டு 8. வழிபாட்டு உரிமையை இழந்திருந்த புராட்டஸ்டாண்டு மக்கள் அதை மீண்டும் பெற்றதை நினைந்து 1650இல் தொடங்கிய சமாதானத் திருநாள் அது. இன்று கத்தோலிக்கரும் சேர்ந்தே கொண்டாடுகின்றனர். அடுத்த ஊரிலிருந்து வேலைக்கு வருபவருக்கு அது வெறும் அடைத்த கதவு. அவ்வூராருக்கோ பகை தீர்ந்த கதை.

காஞ்சிக்கும் அத்தகைய நாள்கள் உண்டு. வைகாசிக் கருட சேவையன்று தெருக்கள் மக்களுக்கே உரியன. 2019இல் அத்தி வரதர், 40 ஆண்டுகளுக்குப் பின் 48 நாள் காட்சி தந்தபோது, ஊரின் அன்றாட வாழ்வே திருவிழாவின் போக்கில் நடந்தது.

மறுநாள் மீண்டும் சென்றோம். தெருமுனையிலேயே தறியொலி வரவேற்றது.

புதிய ஊருக்குச் செல்லுமுன் வழியைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். அவ்வூரார் ஓயும் நாளையும் கேட்டறிவோமாக.