ஒரு குழாய்... ஆறு வீடு!

நாமக்கல்லில் துறையூர் பஸ் ஏறி, எருமப்பட்டியில் இறங்குங்க. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிற பேரூராட்சி. மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சீங்கன்னா, நாம பார்க்க வந்த ஸ்பாட்... லைன் வீடு!

வரிசையா ஆறு வீடு. தண்ணிக் குழாய், துவைக்கிற கல், பாத்ரூம் எல்லாமே பொது. புதுசா ஆள் தெரிஞ்சா, "ஏனுங், யாரைப் பார்க்கோணும்?"னு ஆறு வாசலிலிருந்தும் குரல் வரும். கண்காணிப்பு கேமராவெல்லாம் தோத்துச்சு போங்க!

ஏன் இப்படி ஒட்டிக்கிட்டு வாழறாங்க? பாசம் மட்டும் காரணமில்லை பாஸ். நாமக்கல்னாலே லாரி. வடக்கே லோடு ஏத்திட்டுப் போன டிரைவர் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல்னா, அம்மாகூட ஆஸ்பத்திரிக்கு ஓடறது பக்கத்து வீட்டு அக்காதான். வீட்டில் இருக்கிற மத்த குழந்தைகளைப் பார்த்துக்கறது கடைசி வீட்டு அம்மாயி.

சின்ன வெங்காய சீஸன்ல வாசல்ல வட்டமா உட்கார்ந்து தாள் அறுப்பாங்க. கை வேலை பார்க்கும், வாய் ஊர்க்கதை பேசும். அங்கேயே சீட்டும் நடக்கும். 10 பேர், ஆளுக்கு மாசம் 1,000 ரூபாய். குலுக்கல்ல பேர் வந்தவங்களுக்கு மொத்தமா 10,000. வட்டி இல்லை, பத்திரம் இல்லை.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துலயும் இதே கதை! நடுவில் நடை, ரெண்டு பக்கமும் அறைகள், பொதுவா ஒரு சமையலறை. 'ஃபேஸ் மீ ஐ ஃபேஸ் யூ'ன்னு அதுக்குப் பேர். நம்ம குலுக்கல் சீட்டுக்கு அங்க யொருபா மக்கள் வெச்ச பேர் 'எசூசூ'.

ரொம்பவும் உருகிடாதீங்க. குடத்தை முன்னாடி வெச்சது யாருன்னு சண்டை வரும். நீங்க போன்ல குசுகுசுத்தது, மறுநாள் ஆறு வீட்டுக்கும் தெரியும். எல்லாத்தையும் விட மோசம், வீடு கேட்டுப் போனா "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்கிற ஓனர்கள் இன்னும் இருக்காங்க. பதில் பிடிக்கலைன்னா வீடு கிடையாது. அப்போ அந்தப் பொதுக் குழாய் யாருக்குப் பொது?

அந்த ஒரு கேள்வியை மட்டும் தூக்கி எறிஞ்சா, மிச்சத்தை அப்படியே நம்ம ஹாஸ்டலுக்குக் கொண்டு வரலாம். பக்கத்து ரூம்ல ரெண்டு நாளா கதவு திறக்கலையே... தட்டிப் பார்த்தீங்களா?